ஏழு மணிக்குக் கேட்கும் குரல்

“இன்று குடித்தீர்களா?” என்று முன்பின் தெரியாத ஆண்களைக் கேட்பதுதான் வேலை என்றால், பெண் பார்க்க வந்தவர்கள் காபியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள், என்னைப்போல் கவுன்சலிங்கில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். உப்பளம் பகுதியில் ஒரு மாடி அறை, ஒரு கம்ப்யூட்டர், நான். குடியை விடவும் எய்ட்ஸ் வராமல் தடுக்கவும் பெயர் கொடுத்தவர்களுக்கு தினமும் மாலை ஏழு மணிக்கு கம்ப்யூட்டரே போன் போட்டு, பதிவு செய்த என் குரலில் கேட்கும். குடித்திருந்தால் ஒன்றை அமுக்க வேண்டும், இல்லையென்றால் பூஜ்யம். அடுத்து, ஆணுறை உபயோகித்தீர்களா என்ற கேள்வி.

பதில் சொல்லாத மேடம்

லாஸ்பேட்டை கொத்தனார் மாணிக்கம் ஒருநாள் கோபமாகப் படியேறி வந்தார். குடியால் மனைவி பிள்ளைகளோடு தாய்வீடு போய்விட, தனியாக இருப்பவர். போனில் கேட்பது வெறும் பதிவு என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை.

“நானும் தெனம் சாப்ட்டீங்களா மேடம்னு கேக்கறேன், நீங்க பாட்டுக்கு அடுத்த கேள்விக்குப் போயிடறீங்களே!”

வீட்டுக்கு ஒரு போன்

குருசுக்குப்பத்தில் பல வீடுகளில் குடும்பத்துக்கே ஒரு போன்தான். படித்த எங்களுக்கு அது தோன்றவில்லை. ஒரு மீனவரின் மனைவி போனை எடுத்து, ஆணுறைக் கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டாள். மறுநாள் மீன்கூடையோடு அலுவலகத்துக்கே வந்து நின்றாள். திட்டுவாள் என்று பயந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“இதையே நான் கேட்டா அடிக்குது. நீ கேட்டா மட்டும் பட்டன அமுக்குதே, எப்பிடிம்மா?”

முப்பதாவது நாள்

தொடர்ந்து முப்பது பூஜ்யம் வந்தால் குணமானவர் என்று கம்ப்யூட்டர் போனை நிறுத்திவிடும். மாணிக்கம் இருபத்தொன்பது பூஜ்யம் அமுக்கினார். முப்பதாவது நாள் ஒன்று. மறுபடி முதலிலிருந்து இருபத்தொன்பது, மறுபடி ஒன்று. வரச்சொன்னேன். கண் தெளிவாக இருந்தது, கையில் நடுக்கம் இல்லை. குடிக்கவே இல்லையாம். ஏன் பொய் என்று அதட்டினேன். தலையைக் குனிந்துகொண்டார்.

“சாப்ட்டியான்னு கேக்கத்தான் வூட்ல ஆளில்ல. குடிச்சியான்னு கேக்கவாவது ஒரு ஆளு இருக்கட்டுமே மேடம்.”

எனக்குக் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. அன்றே பட்டியலின் கடைசியில் என் நம்பரையும் சேர்த்துக்கொண்டேன், சொட்டுக்கூடக் குடிக்காத நான் முப்பதாவது நாள் தவறாமல் ஒன்று அமுக்குகிறேன்.