கார் வைக்கோலும் கழன்ற வாலும்

மாட்டுக்கு வைத்தியம் பார்த்து வயிறு கழுவுகிறவர்களே, உங்களுக்கும் இதே கதிதானே: கோடாங்கி பார்த்து, மந்திரவாதி பார்த்து, சூடும் போட்டு முடித்த பிறகுதான் நமக்கு ஆள் வரும்.

வால் நுனி

சீவலப்பேரிப் பக்கம் மாடசாமி என்ற குத்தகைக்காரன் ஆளனுப்பினான். மட்டக்குதிரையில் போனேன். அவனுக்கு இருந்தது ஒரே ஜோடி உழவுக்கடா. அடுத்த போகமான பிசான உழவுக்கு அந்த எருமைகள் இறங்காவிட்டால் பண்ணையார் வயலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். தொழுவில் பூவரச இலையில் பொதிந்து ஒன்றைக் காட்டினான். வால் நுனி! சுள்ளி மாதிரி காய்ந்திருந்தது. கத்தி பட்ட தடமே இல்லை. கடா பாட்டுக்கு அசைபோட்டு நின்றது. காதைத் தொட்டால், செத்த மாட்டின் காதுபோலச் சில்லென்று இருந்தது. மாடசாமி சொன்னான்: “எவனோ அறுத்து எடுக்கான், வைத்தியரய்யா. மாடு கத்தக்கூட மாட்டேங்கு.”

புகையும் படப்பு

கார் போக அறுப்பில் மழை பிடித்துக்கொண்டதால் வைக்கோலை ஈரத்தோடு படப்பாகக் குவித்துப் போட்டிருந்தார்கள். தூறலிலும் அதிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளே கையை விட்டேன். அம்மாடி, காய்ச்சல்காரன் வயிற்றைத் தொட்ட சூடு! கை முழுக்கக் கரும்பூஞ்சை. இது எப்படி வாலை அறுக்கும் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. இதைப் போடாதீர்கள் என்று கெஞ்சினேன். மாடசாமி பெண்டாட்டி பேச்சிக்குக் கோபம் வந்துவிட்டது: “பேய் தொழுவுக்குள்ள நிக்கு, நீங்க வைக்கோலக் குத்தஞ் சொல்லுதிய!”

அக்கரைத் தொழு

பேய் ஆற்றைத் தாண்டாது என்று கோடாங்கி சொல்ல, மாடசாமி கடாக்களை அக்கரையில் மச்சான் தொழுவுக்கு ஓட்டிப்போனான். கொஞ்ச நாளில் அந்த மச்சானே என்னிடம் ஓடிவந்தான். போய்ப் பார்த்தால் அவனுடைய எருமைக்கும் காது சில்லிட்டிருந்தது. மாடசாமியின் கடா ஒன்று காலை எடுத்து நகர்ந்தது. குளம்பு மட்டும் சேற்றில் ஊன்றியபடியே நின்றது. மாடசாமி அந்தக் குளம்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அடுத்தவர் தொழுவில் மாட்டை விடுகிறவன் வெறுங்கையோடு விடமாட்டான், தீனியையும் கொண்டுவந்து போடுவான். அது நம்மூர் மரியாதை. மூலையில் அதே கறுத்த வைக்கோல், ஒரு வண்டிப் பாரம் கிடந்தது. மச்சான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: “ஆத்தத் தாண்டாதுன்னானே வே, இது எந்த வழியா வந்துச்சு?”

பிசானத்துக்கு அந்த வயலை வேறு ஆள் உழுதான். பேய்க்குப் பயந்து மாடசாமி தொழுவுக்குள் காலே வைக்காத அந்தப் புண்ணியவான், பின்னால் நின்ற படப்பை மட்டும் தன் கடாக்களுக்கென்று வண்டி கட்டி ஏற்றிக்கொண்டு போனான்.