தேங்காயெண்ணெய் குடித்த பிரேக்

எங்கள் வீட்டுக்குக் கார் வந்து ஓராண்டு நிறைவதற்குள் அது கத்தத் தொடங்கிவிட்டது. ஓடும்போது வாயைத் திறக்காது. நிற்கச் சொன்னால்தான் கோபம். சித்தப்பா பிரேக்கில் காலை வைப்பார். கோழியைப் பிடித்து அமுக்கியதுபோல ஒரு கிரீச் எழும்பும், தெருவே திரும்பிப் பார்க்கும். முப்பதுகளில் எங்கள் பக்கம் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் கத்துகிற கார் எங்களுடையது மட்டும்தான்.

அப்பாவுக்கு அது பெரிய மானக்கேடு. வண்டி அச்சு கத்தினால் மாட்டுவண்டிக்காரனையே ஊர் சும்மா விடாது. அச்சில் தடவ மசை வாங்க வக்கில்லாதவன் என்று முகத்துக்கு நேராகவே கேட்கும். அப்பாவோ நாகர்கோவில் சந்தையில் தேங்காயெண்ணெய் மொத்த வியாபாரி. உலகத்தின் எல்லாக் கஷ்டங்களுக்கும் காரணம் வறட்சி என்பது அவருடைய சித்தாந்தம். தலைவலித்தால் உச்சியில் எண்ணெய், கதவு முனகினால் கீலில் எண்ணெய், பிள்ளை அழுதால் தொப்புளில் எண்ணெய். அப்படிப்பட்டவருடைய கார் நடுரோட்டில் நின்று அலறினால் அவர் எப்படித் தாங்குவார்?

கார் விற்ற கம்பெனிக்காரன் வந்து பார்த்தான். "பிரேக்கு புதுசில்லா? பழகப் பழகச் செரியாயிரும். எண்ணெய் மட்டும் காட்டிராதிங்க" என்றான்.

"புது மருமகளைச் சொல்லுகது மாதிரில்லா சொல்லுகான்" என்றார் அப்பா. எண்ணெய் வேண்டாம் என்று சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. எண்ணெய்க் கடைக்காரனிடம் போய் எண்ணெய் ஆகாது என்பவன் போட்டிக் கடைக்காரனுக்கு வேண்டியவனாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் சித்தப்பா பக்கத்தில் இருக்கும்வரை காரை வேறு யாரும் தொட முடியாது. கார் அப்பாவுடையது, ஓட்டுகிற உரிமையும் துடைக்கிற உரிமையும் சித்தப்பாவுடையவை.

இந்த நிலையில்தான் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தகப்பனார் இல்லை. ஒரு பசுவையும் நாலு தென்னையையும் வைத்து அவரைப் படிக்கவைத்தவர் அவருடைய அம்மா. நிச்சயம் பேச எங்கள் வீட்டு ஆண்கள் காரில் போனார்கள். கார் அந்த முற்றத்தில் போட்ட கிரீச்சில் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. பேச வந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பசுவைத் தேடியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் அது பால் தரவில்லையாம்.

சம்பந்தம் ஒருவழியாகப் பேசி முடிந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா தரகரிடம் ஒரு சொல் சொல்லி அனுப்பினார்: "காரு நிக்கிற வீட்டுப் பிள்ளை. தகப்பன் சொன்னதுக்காண்டி தலையாட்டுதோ என்னவோ. மனசிருந்து வருதான்னு எனக்குத் தெரியாண்டாமா?"

நியாயமான கேள்விதான். பதில் என்னிடம் இருந்தது. ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் ஒரு பெண் எழுந்து சொன்னால், அவளுக்கு நாக்கு நீளம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் மாப்பிள்ளை வேதம் வாசிக்கும்போது கேட்டிருக்கிறேன். வாசித்து முடித்துத் தன் இடத்துக்குப் போகையில் ஒரு தடவை பெஞ்சில் இடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பெஞ்சைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையசைத்தார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அந்த அம்மாவின் சந்தேகம் கல்யாணத்தைக் கெடுத்துவிடுமோ என்று நான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். வெளியே பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் சித்தப்பா குளிக்கப் போன நேரம் அப்பா காரடியில் உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு எண்ணெய்த் தூக்கு. ஜெபம் பண்ணுகிற பக்தியோடு சக்கரம் சக்கரமாக நகர்ந்து போனார். கல்யாண நாளில் தகப்பனார் எதைச் செய்தாலும் நல்லதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டு நான் தலைவாரப் போய்விட்டேன்.

கார் புறப்பட்டது. முன்னால் சித்தப்பாவும் அப்பாவும். பின்னால் நானும் என் வெள்ளைப் புடவையும் தோவாளையிலிருந்து வந்த பூவும். வேறு யாருக்கும் இடமில்லாத அளவுக்குப் பூ. வழியில் ஆடுகள் குறுக்கே வந்தன. சித்தப்பா பிரேக்கை மிதித்தார். சத்தமே இல்லை. கார் கொஞ்சம் யோசித்துத்தான் வேகம் குறைந்தது, ஆடுகளும் புத்தியோடு ஒதுங்கிக்கொண்டன.

"பாத்தியா அண்ணே, கத்தலை. பழகிப்போச்சு" என்று சித்தப்பா மகிழ்ந்தார். அப்பா மீசைக்குள் சிரித்தார்.

ஆலயம் ஒரு இறக்கத்தின் நடுவில் இருந்தது. கார் தெரிந்ததும் மணி அடித்தார்கள். உள்ளே பாட்டு தொடங்கியது. வாசலில் இரண்டு வீட்டுச் சனமும் நின்றது. நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பெண்ணுக்குரிய விதத்தில் தலையைக் குனிந்தேன். நிமிர்ந்தபோது ஆலயம் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"பிரேக்கு பிடிக்கல அண்ணே" என்றார் சித்தப்பா.

"கத்தலைல்லா?" என்றார் அப்பா, இன்னும் பெருமை குறையாமல்.

"கத்தவும் இல்ல, நிக்கவும் இல்ல. என்ன செஞ்சிய?"

"கொஞ்சம் எண்ணெய் விட்டேன்."

"எதில?"

"நாலிலயும்."

சித்தப்பா கைப்பிரேக்கை இழுத்தார். அதுவும் அதே எண்ணெயைத்தான் குடித்திருந்தது. பின்னால் யாரோ "பெண்ணு போவுதே" என்று கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கூட்டத்திலிருந்து தள்ளி, கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மா காரையே பார்த்து நின்றார். அவர் என்ன நினைக்கிறார் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இறக்கம் முடிந்து ஒரு வாழைத்தோட்டத்து வேலிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு கார் நின்றது. ஒருவருக்கும் அடியில்லை. சித்தப்பா இறங்கி சக்கரத்தைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்து, "நம்ம கடைச் சரக்குதான்" என்றார். பிறகு அண்ணனும் தம்பியும் சண்டையைத் தொடங்கினார்கள். ஆளைக் கூட்டிக் காரைத் தள்ளலாம் என்றார் ஒருவர். மாட்டுவண்டி கொண்டுவரலாம் என்றார் மற்றவர். அதுவரை பெண் காருக்குள்ளேயே இருக்கட்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

நான் புதுச் செருப்பைக் கழற்றி இருக்கையில் வைத்தேன். கதவைத் திறந்தேன். புடவையைக் கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஓடத் தொடங்கினேன். அப்பா கூப்பிட்டார். கேட்காததுபோல ஓடினேன். எங்கள் ஊரில் கல்யாணப் பெண் எறும்புக்கு வழிவிட்டு நடப்பாள். நான் பூ உதிர உதிர, செம்மண் தெறிக்க, வேலியோரம் நின்றவர்கள் வாயைப் பிளக்க ஓடினேன். வெட்கமாக இருந்ததா என்று பேத்திகள் கேட்பதுண்டு. இல்லை. போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர வேறு எதற்கும் எனக்குள் இடமில்லை.

வாசலில் எல்லோரும் மரம்போல நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் ரோட்டில் இறங்கி எதிரே வந்தார். மண்படிந்த என் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"காரு நிக்கலையா?"

"நிக்கல, மாமி."

"நீ நின்னிருக்கலாமே. நான் ஆளு விட்டிருப்பனே."

"எனக்கு நிக்க முடியல" என்றேன்.

அவர் தன் முந்தானையால் என் நெற்றியையும் கழுத்தையும் துடைத்தார். சரிந்து கிடந்த முக்காட்டை எடுத்து என் தலையில் போட்டுவிட்டார்.

"மூச்சு வாங்கிட்டுப் பைய உள்ள போ மக்கா" என்றார். "அவன் எங்கயும் போவமாட்டான்."