மணல் சாருக்கு அடித்த மணி

கடல் ஆராய்ச்சித் துறையில் யாருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் நிலைத்ததில்லை. நண்டை ஆராய்கிறவர் நண்டு சார், பாசியை ஆராய்கிறவர் பாசி மேடம். கடற்கரை அரிப்பை ஆராயும் துறைத் தலைவர் மணல் சார். கருத்தரங்கில் பேசுகிறவரின் நேரம் முடிந்ததும் மேசைமணியைத் தட்டும் அலுவலக உதவியாளர் மணியக்கா.

அந்த மணி என்றால் அக்காவுக்கு உயிர். வீட்டில் அவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். மகள்கள் இருவரும் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. இங்கேயோ ஒரு தட்டு தட்டினால் போதும், முனைவர் பட்டம் வாங்கியவர்களே வாயை மூடிக்கொண்டு மேடையிலிருந்து இறங்குவார்கள். உலகத்தில் தன் சொல் எடுபடும் ஒரே இடம் அதுதான் என்று அக்கா மனதார நம்பினாள்.

என்ன பிரயோசனம்? அவளுக்கு இளகின மனசு. மைக்கைப் பிடித்த கை நடுங்கினால் போதும், 'ஐயோ பாவம், இன்னும் ரெண்டு படம் காட்டிக்கட்டும்' என்று விட்டுவிடுவாள். போன கருத்தரங்கில் சிப்பியை ஆராயும் பெண் ஒருத்தி கண்கலங்கப் பேசினாள் என்று மணியைத் தொடவே இல்லை. சிப்பி முடிவதற்குள் தேநீர் ஆறி, பிஸ்கட் நமுத்து, சிறப்பு விருந்தினர் ரயிலையும் கோட்டை விட்டார்.

மறுநாளே மணல் சார் அவளைக் கூப்பிட்டார்.

"இதோ பாருங்க மணியக்கா, தானா மணி அடிக்கிற மெஷின் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். அடுத்த கருத்தரங்குல ஒரே ஒருத்தர் நேரத்தைத் தாண்டட்டும், அதை வாங்கிடுவேன். அப்புறம் நீங்க பழைய ஃபைல் அறைக்குப் போக வேண்டியதுதான்."

அக்கா மணியை எடுத்து முந்தானையால் துடைத்து வைத்தாள்.

அடுத்த கருத்தரங்குக்கு அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வந்தாள். பாசி மேடம் நன்றி சொல்ல வாயெடுக்கும்போதே அடித்தாள். ஆண் நண்டு பெண் நண்டை எப்படி மயக்குகிறது என்று நண்டு சார் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது அடித்தாள். அவர் தூக்கிய கையோடு அப்படியே இறங்கிப் போனார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, கடைசியாகப் பேச வேண்டியவர் மணல் சார் என்பதைத் தவிர.

மணல் சார் மைக்கைப் பிடித்தால் லேசில் விடுகிற ஆள் இல்லை. கரை எப்படிக் கரைந்தது என்று ஆண்டுக்கொரு படமாகக் காட்டினார். எல்லாப் படத்திலும் மணல்தான் இருந்தது. அரங்கமே தூங்கி வழிந்தது. நேரம் முடிந்தபோது அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடித்தால் தலைவரின் கோபம், அடிக்காவிட்டால் ஃபைல் அறை. வருவது வரட்டும் என்று அடித்தாள்.

"ஒரே நிமிஷம்" என்றார் சார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி ஓங்கி அடித்தாள். விடாமல் அடித்தாள்.

தூங்கியவர்கள் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தார்கள். மணி கேட்டால் கைதட்டுவதும், கைதட்டியதும் தேநீருக்கு ஓடுவதும் அவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். தட்டினார்கள், ஓடினார்கள். நன்றியுரை சொல்ல வேண்டியவர்தான் முதலில் ஓடினார்.

திரையில் பாதிக் கரை நின்றது. மணல் சார் முகத்தில் ஈயாடவில்லை. வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அக்கா நினைத்தாள். அவரோ மெதுவாகக் கேட்டார்.

"அவ்ளோ போரடிக்கிறேனா?"

அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"கொஞ்சம் போர்தான் சார். ஆனா அந்தக் கரைக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம எனக்கு டீ இறங்காது. மீதியையும் சொல்லுங்க."

முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவர் சொன்னார். கரை தேய்ந்துகொண்டே போயிற்று. ஒரு படத்தில் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருந்ததைப் பார்த்து அக்கா "அப்பாடா!" என்று கைதட்டிவிட்டாள். தன் மணலுக்காக ஒருவர் சந்தோஷப்பட்டதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்ததும் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், அந்த மெஷின்..."

"அது வேண்டாங்க்கா. அது மணி நல்லாத்தான் அடிக்கும். ஆனா அடிச்சிட்டு உங்கள மாதிரி உக்காந்து கேக்குமா?"