கிழங்கின் இனிப்பைச் சொல்ல வந்தவள்

மெரியானா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். என் அப்பா வீட்டுக்கு மூத்த மகன், அவள் அப்பா அவருக்கு அடுத்தவர். எங்கள் மாவோரி ஜனங்களுக்குள் பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை, எந்தக் கிளை மூத்தது என்றுதான் பார்ப்போம். அதனால் நான் தொட்டிலில் கிடந்தபோதே, நடக்கத் தெரிந்த அவளுக்கு அக்கா ஆகிவிட்டேன். எந்தச் சிரமமும் இல்லாமல் என் கைக்கு வந்த ஒரே பெருமை அதுதான்.

எங்கள் ஊர் வைபூனா. கடல் ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம், நடுவில் அடிக்கடி சரிந்து விழும் ஒரே ஒரு சாலை. மெரியானா பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு ஊரின் சின்ன ஆஸ்பத்திரியான மருந்தகத்தில் தரை துடைக்கப் போனாள். அதே வயதில் நான் உதவித்தொகை வாங்கி வெலிங்டனுக்குப் படிக்கப் போனேன். ஊரே கூடி, பாட்டுப் பாடி, பொரித்த ரொட்டி கட்டிக்கொடுத்து அனுப்பியது. இரண்டே வருஷத்தில் நான் திரும்பி வந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேட்காத கேள்வி இருபத்தெட்டு வருஷமாக என் முதுகில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்தது. இன்றும் அதைத்தான் ஓட்டுகிறேன்.

அவளோ தரை துடைத்துக்கொண்டே, மருந்துச் சீட்டு எழுதுகிறவர்களின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே, முப்பத்தைந்து வயதில் செவிலியர் படிப்புக்குச் சேர்ந்தாள். மூன்று வருஷம் கிஸ்போர்னுக்கும் ஊருக்குமாக அலைந்தாள். தேறி வந்த வாரம் பத்திரிகையில் அவள் படம் வந்தது. பெட்ரோல் நிலையத்தில் பத்துப் பேர் பார்க்க அதைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "இனிமே நம்மள மாதிரி ஆளுங்க அவளைப் பாக்கணும்னா முன்கூட்டியே சீட்டு வாங்கணும். பெரிய டாக்டர் ஆச்சே."

எல்லாரும் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. பத்து வருஷமாக ஊருக்குள் அவள் பெரிய டாக்டர். மீன் வாங்கப் போனால், "வழி விடுங்கப்பா, பெரிய டாக்டர் வராங்க" என்பார்கள். அவளும் கூடவே சிரிப்பாள். பெயர் விழுந்த அந்த வாரமே தன் படிப்புச் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிச் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள் என்று அவள் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர் வாங்குவதைவிடத் திருடி என்று பெயர் வாங்குவது மேல். திருடியை நாலு மாதத்தில் மன்னித்துவிடுவார்கள்.

போன வருஷம் வெள்ளம் வந்தது. மலையில் வெட்டிப் போட்டிருந்த பைன் மரங்களை எல்லாம் ஆறு அடித்துக்கொண்டு வந்து பாலத்தை உடைத்தது. ஒன்பது நாள் நாங்கள் தனித் தீவு. தொலைபேசி இல்லை, மின்சாரம் இல்லை. மருந்தகத் தலைமைச் செவிலி விடுப்பில் வெளியூர் போயிருந்தாள். மெரியானா என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அக்கா, வண்டியை எடு" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். எல்லா வீட்டுக்கும் போய், உடம்புக்கு முடியாவிட்டால் வாசல் கதவில் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். துண்டு தெரிந்த வீட்டில் பேருந்தை நிறுத்துவேன், அவள் இறங்குவாள். யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை நாளைக்கு மிச்சம் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. சர்க்கரை நோய் ஊசி மருந்து தீர்ந்தபோது, ஒரு பண்ணைக்காரரின் மண் தோண்டும் இயந்திரத்தில் ஏறி ஆற்றைத் தாண்டிப் போய் வாங்கி வந்தாள். எங்கள் பேருந்தின் கடைசி இருக்கையில் ஒரு குழந்தைகூடப் பிறந்தது. ஒன்பது நாளில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

இதையெல்லாம் நான் என் கண்ணால் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைக்கு அடியில் வேறொன்றும் அரித்துக்கொண்டிருந்தது. மூத்த கிளையில் பிறந்தவள் ஓட்டுநர் இருக்கையில், இளைய கிளையில் பிறந்தவள் உத்தரவு போடுகிறாள். அது பொறாமை என்று அப்போதே எனக்குத் தெரியும். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளம் வடிந்து ஆறு மாதத்தில் தலைமைச் செவிலி ஓய்வு பெற்றாள். அந்த இடத்துக்கு மெரியானா மனுப் போட மாட்டேன் என்றாள். எங்கள் அப்பாக்களின் கடைசித் தம்பி, சித்தப்பா டியொபிராதான் மனுவை அவள் மேசையில் கொண்டுபோய் வைத்து, கையெழுத்து வாங்காமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். டவுரங்காவிலிருந்து பிலிப்பா என்று ஒருத்தியும் மனுப் போட்டிருந்தாள். இடம் ஒன்றுதான். மெரியானாவுக்கு வயது நாற்பத்தெட்டு. இந்த முறை தவறினால், வருகிறவள் பதினைந்து வருஷம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

எங்கள் பக்கத்தில் நேர்காணலுக்கு ஆள் தனியாகப் போவதில்லை. சொந்தபந்தம் கூடப் போகும். கேள்வியெல்லாம் முடிந்ததும் சொந்தத்தில் ஒருவர் எழுந்து, இவள் யார், என்ன செய்தாள் என்று சபைக்குச் சொல்வார். சொல்லி முடித்ததும் எல்லாரும் எழுந்து ஒரு பாட்டுப் பாடி அந்தப் பேச்சுக்கு முட்டுக் கொடுப்போம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு தன் இனிப்பைத் தானே சொல்லாது என்பது எங்கள் பழமொழி. சரி, கிழங்கு சொல்லாது. அப்படியானால் தின்றவனாவது சொல்ல வேண்டுமே.

சொல்ல வேண்டியவர் சித்தப்பா. அவர் பேசினால் கல்லும் தலையாட்டும். அன்று காலை பத்து மணிக்கு நேர்காணல். எட்டரைக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. சாலை சரிந்துவிட்டது, முன்னால் பன்னிரண்டு லாரி நிற்கிறது, வர முடியாது என்றார்.

"அப்ப யாரு பேசறது சித்தப்பா?"

"இதென்ன கேள்வி? நீதான் மூத்தவ. எந்திரிச்சு நில்லு, வாயைத் திற. பாத்ததைச் சொன்னாப் போதும்."

அந்த நிமிஷத்திலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மருந்தக முற்றத்தில் போனேன், வந்தேன். சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தினேன்: வெள்ளைத் துண்டு, ஊசி மருந்து, பேருந்தில் பிறந்த பிள்ளை. நன்றாகவே வந்தது. வாழ்நாள் முழுக்கச் சித்தப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டவள் நான், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மெரியானா ஓரமாக நின்று கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "நீ இருக்கேல்ல, எனக்கு அது போதும்" என்றாள்.

குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் எங்கள் சொந்தம். சொந்தம் என்பதாலேயே மெரியானாவைப் பற்றி அவர்களாக எதுவும் சொல்லக்கூடாது, கேட்டதை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று விதி. தலைவி டன்ஸ்டன் என்கிற வெளியூர் அம்மாள். நல்ல மனுஷி, கேட்பதையெல்லாம் எழுதிக்கொள்பவள்.

வெள்ள நாட்களில் மருந்தகத்தை யார் நடத்தினார்கள் என்று அவள் கேட்டாள்.

மெரியானா தரையைப் பார்த்தாள். "எல்லாரும் சேந்துதான் செஞ்சோம். நான் பையைத் தூக்கிட்டுப் போனேன், அவ்வளவுதான்."

"முடிவெல்லாம் நீங்கள் எடுக்கவில்லையா?"

"முடிவுன்னு என்ன இருக்கு? கதவுல துண்டு தெரிஞ்சா போனோம்."

டன்ஸ்டன் அம்மாள் 'பையைத் தூக்கினார்' என்று எழுதினாள். பேனா நகர்ந்த அளவை வைத்தே எனக்குத் தெரிந்தது, அதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதவில்லை. எங்கள் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் அந்தப் பதிலைக் கேட்டு, ஆகா, பெரிய காரியம் செய்தவள் என்று புரிந்துகொண்டிருப்பார்கள். அந்த அம்மாள் அப்படியே நம்பிவிட்டாள். என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. பரவாயில்லை, நான் எழுந்து சரிசெய்துவிடுவேன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

என் முறை வந்தது. எழுந்தேன். மலையைச் சொன்னேன், ஆற்றைச் சொன்னேன், முன்னோர் வந்த படகைச் சொன்னேன். இறந்தவர்களுக்கு வணக்கம் சொன்னேன். எல்லாம் முறையாக வந்தது. பிறகு மெரியானா என்ற பெயர் வந்து நின்றது. டன்ஸ்டன் அம்மாள் புதுத்தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் சொல்லப்போவது அத்தனையும் அந்தத் தாளில் ஏறும், அதோடு மெரியானா எனக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுவாள், அவளை அங்கே ஏற்றிவிட்டவள் என்ற பெயரோடு நான் பேருந்து ஓட்டிக்கொண்டிருப்பேன். ஒரு மூச்சு இழுக்கிற நேரத்துக்குள் இவ்வளவும் ஓடியது.

"இவ எங்க வீட்டுப் பொண்ணு," என்றேன். "நேரத்துக்கு வேலைக்கு வருவா. சண்டை போட மாட்டா. மத்தபடி இவளைப் பத்தி ஜாஸ்தி சொன்னா வீட்டு வாசக்கதவை இடிச்சுப் பெரிசாக்கணும், தலை உள்ள போகாது."

எல்லாரும் சிரித்தார்கள். டன்ஸ்டன் அம்மாள்கூடச் சிரித்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன். பாட்டைப் பாடினோம். பாட்டு நன்றாக இருந்தது.

வெளியே வந்ததும் மெரியானா என்னைக் கட்டிக்கொண்டாள். "உனக்குச் சபையில பேசிப் பழக்கமில்ல அக்கா. எந்திரிச்சு நின்னியே, அதே பெரிசு." நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். வேறு என்ன செய்வது? கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

பத்து நாளில் கடிதம் வந்தது. தலைமை தாங்கி நடத்திய அனுபவம் போதிய அளவு தெரியவரவில்லை என்று எழுதியிருந்தார்கள். பிலிப்பா தன் கதையைத் தானே நாற்பது நிமிஷம் சொன்னாளாம். கேட்ட எங்கள் ஆட்களுக்கு உடம்பு கூசிற்றாம். ஊரில் இரண்டு நாள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். மெரியானாவைப் பற்றி, "பாவம், ஆனா அடக்கமான பொண்ணு" என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் வண்டியை ஏதோ ஒரு சாக்கில் கிளப்பிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடம் விடுமுறை. ஏற்ற ஆள் இல்லாத பேருந்தைக் கடற்கரை வரை ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வந்தேன்.

மறுமாதம் பிலிப்பா வந்தாள். புது ஆளை எங்கள் கூட்ட மண்டபத்து முற்றத்தில் முறைப்படி வரவேற்க வேண்டும். சித்தப்பாவும் வந்திருந்தார். அவர் எழுந்திருக்கவில்லை. "அன்னைக்குச் சபையையே சிரிக்க வச்சியாமே. இன்னைக்கும் நீயே பேசு" என்று என்னைத் தள்ளிவிட்டார்.

எழுந்தேன். வாயைத் திறந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம். பிலிப்பாவை எனக்குத் தெரியாது. அவள் மனுவில் இருந்ததாக நாலு பேர் சொன்ன நாலு சங்கதிதான் என்னிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் மாலை தொடுத்தேன். பத்தொன்பது வருஷம் எத்தனை பேருடைய வலியைத் தொட்ட கைகள் என்றேன். தன் ஊரை விட்டு, தன் கடலை விட்டு எங்களுக்காக வந்தவள் என்றேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன், இறக்க வேண்டிய இடத்தில் குரலை இறக்கினேன். கிழவர்கள் தடியால் தரையைத் தட்டினார்கள். பிலிப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளைப் புகழ எனக்கு நாக்கு நோகவே இல்லை. அந்நியர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் நமக்கென்ன? கூட வளர்ந்தவள் விரற்கடை உயர்ந்தால்தான் கழுத்து வலிக்கிறது.

பேச்சு முடிந்ததும் யாராவது பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். மெரியானா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று எடுத்தாள். நல்ல குரல் அவளுக்கு. கடைசி வரி வரை பிசிறில்லாமல் பாடினாள். பாடி முடித்து உட்கார்ந்த பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உனக்கு இவ்ளோ நல்லாப் பேச வருமா அக்கா?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. இன்றைக்கு ஏதோ தானாக வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், அவளும் நம்பியிருப்பாள்.

"அன்னைக்கும் வந்திருக்கும் மெரியானா. நான்தான் விடல."

எதிரே பிலிப்பாவோடு மூக்கோடு மூக்கு வைத்து வாழ்த்துச் சொல்ல, மூத்த கிளை முன்னும் இளைய கிளை பின்னுமாக வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் முறை நெருங்கியபோது அவள் எழுந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டாள்.

"அன்னைக்கு உன்னை நம்பித்தான் நான் வாயை மூடிக்கிட்டிருந்தேன்," என்றாள்.

சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் போய் வரிசையில் நின்றுகொண்டாள்.