கொம்பையா மாதிரி

கங்கைகொண்டானில் இருக்கும் அந்தச் சத்துமாவு ஆலையில், கொம்பையாவை முன்பின் பார்த்திராதவர்கள்கூட அவருடைய அதிகாரத்தோடுதான் வேலை பார்த்தார்கள். கேட்கவே வேடிக்கையாக இருக்கும், ஆனால் நடந்தது அதுதான். ஆலைக்குப் புதிதாக ஒருவர் சேருவார். கம்ப்யூட்டரில் அவருக்கு எந்த மெனு தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்று யோசித்துச் சொல்ல வேண்டியது அவரவர் பிரிவின் பொறுப்பு. அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? "கொம்பையா அண்ணாச்சி மாதிரியே குடுத்திருங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

கொம்பையா ஸ்டோர் கீப்பர். ஆலை தொடங்கிய காலத்திலிருந்து இருப்பவர். எந்தப் பிரிவில் ஆள் குறைந்தாலும் அங்கே போய் நின்று வேலை பார்த்தவர் என்பதால், அவருடைய ஐடியில் திறக்காத மெனு கிடையாது. அவரை நகல் எடுத்து, அந்த நகலை நகல் எடுத்து, கடைசியில் வாசலில் லாரிக்கு எடை போடும் வேதநாயகம்கூட நினைத்தால் முடித்து மூடிய பழைய கணக்கு வருடத்தைத் திறந்து மாற்றலாம் என்ற நிலை. அவர் நினைக்கவில்லை என்பதால் ஆலை பிழைத்துக் கிடந்தது.

அந்த நகல்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் ஷம்ஸியா. மேலப்பாளையத்துக்காரி. சிஸ்டம் பிரிவு என்று பலகை மாட்டிய சின்ன அறையில் அவள் ஒருத்திதான். பாளையங்கோட்டையில் பி.சி.ஏ. படித்தவள். கல்யாணம் ஆனது, கணவன் ரசீத் வேலைக்காகச் சவூதியில் தம்மாமுக்குப் போனான், ஒரு மகள் பிறந்தாள். வீட்டில் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. "கம்பெனி பஸ்ஸு நம்ம தெருமுனைக்கு வருமா? வந்தா போ. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்று உம்மா மைதீன் பாத்திமா சொன்ன அன்றே விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவளுக்கு மதியத் தொழுகைக்கு இடமில்லை. கேட்கவும் கூச்சம். அவள் வராந்தாவில் அங்குமிங்கும் நடப்பதை கொம்பையா கவனித்திருக்கிறார். மறுநாள் ஸ்டோருக்குக் கூப்பிட்டார். சாக்கு அடுக்குகளுக்குப் பின்னால், ஜன்னல் ஓரமாக ஓர் இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்து, பத்தமடைப் பாய் ஒன்றை விரித்து வைத்திருந்தார். "மேக்கு இந்தப் பக்கம் தாயி. நாளும் லுஹருக்கு இங்கன வந்திரு" என்றார். லோடு ஏற்றும் ஆட்களில் ஒருவன் ஏதோ முணுமுணுத்தபோது, "ஏலே, ஸ்டோரு எம் பொறுப்பு. இங்கன யாரு நிக்கணும், யாரு நிக்கக் கூடாதுன்னு நான் சொல்லுதேன்" என்று ஓர் அதட்டல் போட்டார். அன்றிலிருந்து அந்த மனிதர் மேல் ஷம்ஸியாவுக்கு வாப்பாவிடம் இருக்கும் பிரியம்.

இந்த நிலையில்தான் சாஃப்ட்வேரை மாற்றினார்கள். பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்ட வெளியூர்க்காரர்கள், கூடவே வந்த புது மெனுக்களை எல்லாம் பழைய அனுமதியோடு சேர்த்து மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டில் புதிதாக ஓர் அறை எடுத்தால் அதன் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்க மாட்டோமா? இங்கே யாரும் கேட்கவில்லை. கொம்பையாவுக்குக் கிடைத்ததெல்லாம் எல்லோருக்கும் கிடைத்தது.

அப்படி வந்த மெனுக்களில் ஒன்று 'விடுவிப்பு'. லேப் சந்தேகப்பட்டு நிறுத்திவைத்த சரக்கை வெளியே அனுப்பச் சம்மதம் சொல்கிற இடம் அது. லேப் பொன்செல்விக்கு மட்டும் இருக்க வேண்டியது.

திங்கட்கிழமை காலை ஆலை முழுக்கப் புதுப் பொம்மை கிடைத்த சந்தோஷம். ஆளாளுக்குத் தட்டிப் பார்த்தார்கள். பேக்கிங் மணிராஜ் ஒரு படி மேலே போய் 'விடுவி' என்ற பொத்தானையே அமுக்கிப் பார்த்துவிட்டான். சிவப்பாக இருந்த வரி பச்சையானது. அழகாக இருக்கிறதே என்று பக்கத்து ஆளிடம் காட்டினான். பச்சையைப் பார்த்த லோடிங் ஆட்கள் மூட்டைகளை ஏற்றினார்கள், லாரி புறப்பட்டது.

பொன்செல்வி லேப் கோட்டோடு ஷம்ஸியாவின் அறைக்கு ஓடி வந்தாள். "அந்தச் சரக்குல கடலை மாவு கலந்திருக்குமோன்னு நான் நிறுத்தி வச்சிருக்கேன். பையில கடலை இல்லன்னு அச்சடிச்சிருக்கு. கடலை ஒத்துக்கிடாத பிள்ளைக்கு ஒரு கரண்டி போனாப் போதும்க்கா, மூச்சு நின்னுரும்!" அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஷம்ஸியாதான் டிரைவருக்குப் போன் போட்டாள். நல்ல காலம், மனிதர் கயத்தாறில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லாரி திரும்பி வந்து கேட்டுக்குள் நுழைகிறவரை ஷம்ஸியா வாசலை விட்டு நகரவில்லை. அவளுடைய மகளும் நாளும் காலையில் சத்துமாவுக் கஞ்சி குடிக்கிறவள்தான்.

மேலாளர் குருபிரசாத் கெட்டவர் அல்ல. மேலிடத்துக்குப் பயந்தவர், அவ்வளவுதான். மணிராஜுக்கு மெமோ கொடுத்து, இனி யாரும் தொடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும் என்றார்.

"மணிராஜ் மேல தப்பு இல்ல சார்" என்றாள் ஷம்ஸியா. "அமுக்கக் கூடாதத அவரு கண்ணு முன்னால கொண்டுபோய் வச்சது நாமதான். புது மெனு எல்லாத்தையும் எல்லார்கிட்ட இருந்தும் எடுத்துருதேன். பொறவு அவங்கவங்க வேலைக்கு எது வேணுமோ அத மட்டும் குடுக்கேன். பழைய நகலையும் அப்படியே பிரிச்சிருதேன்."

"சீசன் நேரம் மேடம். வேலை நின்னுபோச்சுன்னா?"

"நின்னா என்னைக் கேளுங்க சார்."

"உங்களைத்தான் கேப்பேன்" என்றார் அவர், கொஞ்சம் கடுமையாகவே. ஷம்ஸியா சரி என்று எழுந்துவிட்டாள்.

பிரிவு பிரிவாகப் போய் உட்கார்ந்தாள். என்ன வேலை பார்க்கிறீர்கள், எந்தத் திரையைத் திறக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். அன்றுவரை ஏறெடுத்தும் பார்க்காத மெனுவை எடுத்ததற்கு ஆலையில் எழுந்த ஒப்பாரி இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. "பழைய கணக்கு வருசம் உமக்கு எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, "என்னைக்காவது ஒரு நாள் பாப்பேன்லா" என்றார் வேதநாயகம். கணக்குப் பிரிவு அனுராதா அவளுக்கு டப்பாவிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுப்பதையே நிறுத்திவிட்டாள். ஷம்ஸியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எடுப்பதை எடுத்துக்கொண்டே போனாள்.

கடைசியில் கொம்பையா மட்டும் மிச்சம். அவர் ஒருவரை விட்டுவிடலாமே என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. விட்டால், நாளைக்கே எவராவது வந்து "கொம்பையா மாதிரி" என்று நிற்பார்கள். எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவருக்குத் தெரியாமல் எடுக்கவும் மனம் ஒப்பவில்லை. நேரே ஸ்டோருக்குப் போனாள்.

"அண்ணாச்சி, உங்க ஐடியில ஸ்டோர் வேலை மட்டும் வச்சுட்டு மத்தத எடுக்கப்போறேன்."

கொம்பையா கையில் இருந்த சாக்கு ஊசியைக் கீழே வைத்தார். "என்னையவா சொல்லுத?"

"ஆமா அண்ணாச்சி."

"நேத்து வந்த பயலுவளும் நானும் ஒண்ணா தாயி? இந்த ஆலையில என் பேரச் சொல்லித்தானே எல்லாவனுக்கும் கதவத் தொறந்த? நான் எதத் திருடிட்டேன்?"

"உங்க மேல நம்பிக்கை இல்லாம செய்யல. இது..."

"எடுத்துக்க. எல்லாத்தையும் எடுத்துக்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தி ஷம்ஸியா அழுதாள். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருடைய அனுமதிகளை எடுத்தாள். நகல் எடுப்பதற்காகக் கொம்பையா என்று பெயரிட்டு வைத்திருந்த பழைய தொகுப்பையும் அழித்தாள்.

அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசவில்லை. அவள் ஸ்டோருக்குள் நுழைந்தால் ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே போய்விடுவார். ஆனால் மதியம் அவள் போகும்போது ஜன்னலோரம் கூட்டியிருக்கும், பாய் விரித்திருக்கும். பேசாமல் இருந்ததைவிட அதுதான் அவளை அதிகம் வருத்தியது. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று பாயில் உட்கார்ந்தபடியே யோசித்த நாளும் உண்டு. கொடுக்கவில்லை.

ஒரு நாள் உச்சிவேளை நெருங்கும்போது அறை வாசலில் நிழல் விழுந்தது. குருபிரசாத் நின்றார், பின்னால் கொம்பையா. மேலாளரின் நெற்றியெல்லாம் வேர்வை. மதுரைக்குப் போக வேண்டிய சரக்கு ஒன்றை பொன்செல்வி நிறுத்தி வைத்திருக்கிறாள், சோதனை முடிய மாலை ஆகிவிடும், முதலாளி போனில் நிற்கிறார் என்றார்.

"அண்ணாச்சி ஐடியில விடலாம்னு போனேன். இல்லைங்கிறார். அந்த மெனுவை இப்பவே அவருக்குத் திறந்து விடுங்க மேடம். அவரைவிட நம்பிக்கையான ஆள் இங்க யார்?"

ஷம்ஸியாவுக்குக் கொம்பையாவைப் பார்க்கவே தைரியம் வரவில்லை. இன்னொரு முறை, அதுவும் அவர் முகத்துக்கு நேரே, இல்லை என்று சொல்ல வேண்டும்.

"முடியாது சார். அது பொன்செல்வி ஒருத்திக்குத்தான். அண்ணாச்சிக்குக் கிடையாது."

"அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க இவங்ககிட்ட" என்று திரும்பினார் குருபிரசாத். "எத்தனை அவசரத்துக்கு நீங்க கைகொடுத்திருக்கீங்க!"

கொம்பையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"கைகுடுத்தேன் சார். லேப்புல கேக்காம சரக்க உள்ள ஏத்துன்னு மேல உள்ளவுக சொன்னாவ, ஏத்துனேன். தேதிய மாத்தி வரவு வையின்னாவ, வச்சேன். எல்லாம் என்கிட்ட இருக்குன்னு எல்லாரும் என்கிட்டயேதான் வந்தாவ. முடியாதுன்னு சொல்ல எனக்கு ஒரு நாளும் வாயி வந்ததில்ல. வீட்டுக்குப் போயி சோத்துல கைய வச்சா இறங்காது." அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "இப்பம் நீங்க கேட்டவுடனே, என்கிட்ட இல்லன்னு சொன்னேன் பாருங்க. எனக்கு எம்புட்டு நிம்மதியா இருந்திச்சு தெரியுமா? எனக்கு அது வேண்டாம் சார். இந்தப் பிள்ள எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும்."

குருபிரசாத்தின் கையில் போன் மறுபடி அடித்தது. அவர் அதையும் பார்த்தார், இவர்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு காதில் வைத்துக்கொண்டு வராந்தாவில் இறங்கினார். "லேப் சொல்லாம இங்க யாராலும் விட முடியாது சார்... ஆமா சார், என்னாலயும் முடியாது" என்று அவர் சொல்வது கேட்டது.

ஷம்ஸியா தலைகுனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொம்பையா போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"வேளையாயிட்டு தாயி" என்றார். "பைய எந்திச்சு லுஹருக்குப் போ. கூட்டித்தான் போட்டிருக்கேன்."