கிழித்துப் போட்ட கார்டு

எழுபதுகளின் தொடக்கம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னபோது எங்களுக்கு அடுத்த வீடு அமையவில்லை. சாமான்களைக் கீழ்க்கட்டளையில் ஒரு கொட்டகையில் போட்டுவிட்டு, அம்மாவும் நானும் தெரிந்தவர்கள் வீடுகளில் மாறி மாறித் தங்கினோம். கடிதங்கள் மட்டும் தாம்பரத்துப் பழைய வீட்டுக்கே போயின. அங்கே புதிதாகக் குடிவந்த டீச்சரிடம் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தோம்.

ஒரு நாள் போனபோது இரண்டு கல்யாணப் பத்திரிகைகளும் ஒரு பொங்கல் வாழ்த்தும் தந்தார். பிறகு தயங்கினார்.

“ஒரு கருமாதி கார்டும் வந்துச்சுங்க. வீட்ல வெச்சுக்கக் கூடாதில்ல? வாசல்லயே கிழிச்சுப் போட்டுட்டேன்.”

“யாரு போனதுன்னு போட்டிருந்துச்சு?” என்றாள் அம்மா.

“கறுப்பு பார்டரைப் பார்த்ததுமே கிழிச்சுட்டேங்க. படிக்கலை.”

டீச்சருக்குப் படிக்கத் தெரியாதா என்று எனக்கு வாய்வரை வந்தது. எங்கள் வீட்டிலும் கிழிப்பதுதான் வழக்கம். ஆனால் படித்துவிட்டு!

அன்றே அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் கார்டு எழுத உட்கார்ந்தாள். முதல் கார்டு அவள் அண்ணனுக்கு. ‘அங்கே எல்லோரும் சுகம்தானே?’ என்று எழுதினாள். பதில் போட வேண்டிய விலாசம் என்று வந்தபோது பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு டீச்சர் வீட்டு விலாசத்தையே எழுதினாள்.