போகிறவர்களைச் சோதிக்கிற மோருப்

எங்க ஊரு மோருப் யாரையும் நம்பமாட்டான். என்னையும்தான். முப்பது வருஷமா பக்கத்து வீட்டுக்காரன் நான். என் டாக்சியிலதான் லே பஜாருக்கு வருவான், இறங்கும்போது மேலங்கிப் பையை ஒருதரம் தடவிப் பாத்துக்குவான். பத்திக்கிட்டு வரும் எனக்கு.

மலைமேல இருக்கிற பழைய புத்த மடத்துச் சாவி மூணு தலைமுறையா அவங்க வீட்டுல. லாமாக்கள் கீழ புது மடத்துல இருக்காங்க, மாசத்துக்கு ஒருதரம் ஏறி வருவாங்க. பன்னெண்டு வருஷம் முன்னாடி அங்கேயிருந்து கையகலத் தாரா தேவி சிலை ஒண்ணு காணாமப் போச்சு. மோருப் சொந்தத் தம்பி தின்லெஸ் மேலயே பழியைப் போட்டான். "நீதாண்டா எடுத்த, நான் பாத்தேன்"னு ஊரு நடுவுல நின்னு கத்தினான். தின்லெஸ் பொண்டாட்டி பிள்ளையோட மணாலிப் பக்கம் போயிட்டான், திரும்பவே இல்ல.

இன்னொரு பொருள் குறைஞ்சா சாவியை வாங்கிருவோம்னு லாமாக்கள் கறாரா சொல்லிட்டாங்க. அன்னையிலேருந்து மோருப்புக்கு எண்ணுறதே பொழப்பு. தண்ணிக் கிண்ணம் ஏழு, விளக்கு பதினொண்ணு, மாடத்துல மண் ஸ்தூபி நாப்பத்தொண்ணு. செத்தவங்க எலும்புச் சாம்பலைக் களிமண்ணுல பிசைஞ்சு, அச்சுல குத்தி, விரல் உசரத்துக்கு வைப்போமே, அது. மடத்தை விட்டுப் போற ஆளைப் பையைத் திறக்கச் சொல்லுவான். வர்றவங்களை ஒண்ணும் கேக்கமாட்டான்.

போன செப்டம்பர்ல லே ஸ்டாண்டுல ஒரு பொண்ணு ஏறுச்சு. இருபது வயசு இருக்கும். "மேல் மடத்துக்குப் போயிட்டு சாயங்காலமே திரும்பணும்"னுச்சு. எங்க பேச்சுதான், ஆனா வெளியூர் இழுவை. மடியில இருந்த பையை வளைவுல வண்டி திரும்பினப்பகூட விடல. மடத்தைப் பத்தி ஒரு கேள்வி இல்ல. "சாவிக்காரர் இன்னும் அவரேதானா? ரொம்பக் கோவக்காரரா?"ன்னு அதையே கேட்டுக்கிட்டு வந்துச்சு. எனக்கும் லேசா உறுத்துச்சு.

வாசல்ல மோருப் என் காதைக் கடிச்சான். "யாருடா இது? பையைப் பாத்தியா?"

"வண்டி ஓட்டுறதுதான் என் வேலை. ஜாதகமா பாக்கிறேன்?"

அவ பின்னாடியே ஒட்டிக்கிட்டு நின்னான். விளக்கேத்தணும்னு அவ கேட்டா. விளக்குக்கு வெண்ணெய் உருக்கக் குனிஞ்சான், அவ்வளவு நேரம்தான் அவ மேல இருந்து கண்ணை எடுத்தான். கிளம்பும்போது, "பையைத் திறம்மா."

"டேய், பொம்பளப்பிள்ளைடா!" எனக்கு வெக்கமாப் போச்சு.

அவ பையைத் தலைகீழாக் கவுத்தா. தண்ணி பாட்டில், காஞ்ச ஆப்ரிகாட், மடிச்ச மஞ்சத் துணி ஒண்ணு. "நல்லாப் பாத்துக்கோங்க. அப்புறம் யாரு மேலயும் பழி சொல்லக்கூடாது"ன்னுட்டு வண்டிக்கு இறங்கிப் போயிட்டா.

"நீ நில்லு, எண்ணிடறேன்"னான் மோருப். கிண்ணம் சரி. விளக்கு சரி. மாடத்துகிட்ட போனவன் ரெண்டுதரம் எண்ணினான்.

"நாப்பத்திரண்டுடா."

"கூடினா என்னய்யா? குறைஞ்சாத்தானே உனக்குக் காய்ச்சல்!"

அவன் அம்மாவோட ஸ்தூபிக்குப் பக்கத்துல ஒண்ணு, ஈரம் இப்பத்தான் காஞ்ச புது மண்ணு. எடுத்துத் திருப்பினான். அடி விளிம்புல ஒரு ஓரம் உடைஞ்ச தடம். அம்மாவோடதுலயும் அதே தடம், அப்பாவோடதுலயும். அவங்க வீட்டு அச்சு விளிம்பு உடைஞ்சது. வீட்டை விட்டுப் போறப்போ தின்லெஸ் கேட்டு வாங்கிட்டுப் போனது அந்த அச்சு ஒண்ணைத்தான்.

மோருப் அப்படியே தரையில உக்காந்துட்டான். "தம்பி செத்துப்போயிட்டான்டா."

"அப்போ சிலை? நீ பாத்தேன்னியே?"

"பாக்கல. யாரு எடுத்தான்னு அன்னைக்கும் எனக்குத் தெரியாது. சாவி போயிரும்னு பயம்."

ஒரு அறை விடணும்போல இருந்துச்சு. "உன் தம்பி பொண்ணுய்யா அது, கீழ நிக்குது, ஓடு!"ன்னேன். அவன் அந்தப் புது ஸ்தூபியை மடியில வெச்சுக்கிட்டு அங்கேயே இருந்தான். நான்தான் இறங்கினேன். வழியெல்லாம் அந்தப் பிள்ளை ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்துச்சு.

அடுத்த மாசம் லாமாக்கள் வந்தாங்க. பெரியவர் மாடத்தைப் பாத்தார். "ஒண்ணு கூடுதலா இருக்கே, யாரோடது?"

"என் தம்பியோடது. சிலையை அவன் எடுக்கல. நான் பாக்காமலே பாத்தேன்னு சொன்னேன்." இடுப்புல இருந்த சாவியைக் கழட்டி அவர் கையில வெச்சான். "எண்ணிக்கோங்க. எல்லாம் சரியா இருக்கு."

அவர் எண்ணல. மோருப் வாசல்ல நின்னு, யாரும் கேக்காமலே, தன் மேலங்கிப் பையை வெளிய இழுத்துக் காட்டிட்டு இறங்கினான்.